முன்னால் போன பால்குடம்

காலை ஆறரைக்கு ஜெலாப்பாங் வீட்டிலிருந்து கிளம்பினோம். அதற்குமுன் எடை பார்த்தேன், நேற்றைய எடைதான். கூடியிருந்தால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், பயணம் ரத்து. இதயம் பலவீனமான எனக்கு எடை மிஷின்தான் ஜோசியக்காரன்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் மூச்சுமுட்டிக் கிடந்தபோது, நான் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் தைரியமில்லை. வாசலைத் தாண்டினாலே விரல்கள் தானாக மணிக்கட்டில் நாடி தேடும். காரிலும் அப்படித்தான். ஓட்டிய மனைவி செல்வி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஏழரைக்கு வழியில் போத்தா ஊரில் பசியாறினோம். மாத்திரைக்காக ஒரு தோசை, உப்புக்குப் பயந்து சாம்பார் இல்லை.

“பெரிய கிளாஸ்ல தே போடவாண்ணே?” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார பாய்.

“சின்னதே போதும் பாய். ஆஸ்பத்திரில தண்ணிக்கும் அளவு வச்சிட்டாங்க லா.”

எட்டரைக்கு ஆயர் தாவார் ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்தோம். ரப்பர் மரங்கள் போய் எங்கும் எண்ணெய்க்கான செம்பனை. கோயில் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தது. ஆற்றங்கரையில் குடங்கள் தயார். நான் நைசாக வரிசையின் கடைசிக்கு நழுவினேன். கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் விடவில்லை.

“சீக்காளிதான் முன்னால போவணும். முன்குடத்த யாரும் தாண்டக்கூடாது, இங்க அதான் வழக்கம்.”

“நான் ஆமையாட்டம் நடப்பேண்ணே.”

“நட லா! எங்களுக்கு என்ன, வேலைக்கா லேட்டாவுது?”

குடம் தலையில் ஏறியது. துள்ளிக்கொண்டிருந்த உருமி மேளம் என் காலைப் பார்த்துத் தாளத்தைத் தணித்தது. நான் ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி. பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றேன். பின்னால் ஊரே நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. நோய் வந்த நாளிலிருந்து எல்லாரும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்திருந்தேன். எனக்காக இத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்களே என்று கண் கலங்கியது.

“அவசரமே இல்லங்க,” என்றாள் செல்வி.

மூச்சு சீரானதும் நடந்தேன். அம்மன்மேல் பால் வழிந்தபோது என்னையறியாமல் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன்.

திரும்பும் வழியில், போத்தா பாலத்தில் செல்வி கேட்டாள்: “என்ன, இன்னிக்கு நாடி பாக்கலியா?”

அப்போதுதான் உறைத்தது. குடத்தைப் பிடித்த கைகள் அதற்குப் பிறகு மணிக்கட்டுப் பக்கமே போகவில்லை.

“நாடிய உருமிக்காரங்க பாத்துட்டாங்க லா,” என்றேன். “அடுத்த வருஷமும் நான்தான் முன்னால, சொல்லிட்டேன்.”