எல்லாரும் ராட்வீலரே கேட்டாங்க

நாய் விக்கற எடத்துல வேல பாத்தா ஒண்ணு சீக்கிரம் புரியும்: யாரும் தனக்குப் புடிச்ச நாய வாங்க வர்றதில்ல, பக்கத்து ஊட்டுக்காரனுக்கு வயிறு எரியற நாய வாங்கத்தான் வர்றாங்க. காலேஜ் உட்டதும் எங்கியாச்சும் ஒரு கவுண்டர்ல நின்னு கஸ்டமர்கிட்டப் பேச்சு வாங்கற உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் தெரியும். நான் நிக்கறது அஸ்தம்பட்டில ஒரு கென்னல்ல.

எங்ககிட்ட ரெண்டு சாதி பெரிய நாய். மூணு ராட்வீலர், அது கோகுல் பொறுப்பு. ஒரே ஒரு டாபர்மேன், ராணி, எட்டு மாசம், அவ எம் பொறுப்பு. ரெண்டு சாதியும் கருப்பு, ரெண்டுக்கும் புருவத்துல பழுப்புப் பொட்டு, ரெண்டும் காவலுக்குன்னே பொறந்தது. ஓனரக்கா கறாரா சொல்லிட்டாங்க: மாசக் கடைசிக்குள்ள ராணிய யாரும் எடுக்கலைன்னா ஒரு பிரீடர்கிட்டக் குடுத்துருவாங்களாம். அந்தாளு பொட்ட நாயிங்கள கூண்டுலயே அடைச்சு, வருசம் பூராக் குட்டி போட வெக்கறவன்.

கேட்டு நெறையணும்

திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கற ஒருத்தர் வந்தாரு. நான் சும்மா உடல. ராட்வீலருக்கு வெயிலு ஆகாது, ஒடம்பு போட்டா இடுப்பு புடிச்சுக்கும். டாபர்மேன தினம் ஓட உடணும், ஆனா ஒரு தடவ சொல்லிக் குடுத்தா கப்புனு கத்துக்கும். முக்கா மணி நேரம் தொண்டை கிழியப் பேசுனேன். கோகுல் ஒரு வார்த்த பேசல. அவனோட தடியன் ராட்வீலர் ஒண்ணு கேட்டு முன்னால போய் நின்னு கொட்டாவி உட்டுச்சு, அவ்ளோதான்.

ரிக்காரரு அதுக்கே பணத்தக் குடுத்துட்டு எங்கிட்டத் திரும்புனாரு. "நீ சொல்றதெல்லாம் சரி கண்ணு. ஆனா இது நின்னா கேட்டு நெறையுது, உன்றது நின்னா கேட்டுல இன்னொரு கம்பி மாதிரி இருக்குது."

வாலு

அடுத்து குமாரபாளையத்துல தறிப் பட்டறை வெச்சிருக்கற ஒரு அக்கா. ராணியப் பாத்ததும் அவங்க மொகம் மலர்ந்துச்சு. ராணியும் சந்தோசத்துல வால ஆட்டுனா. அங்கதான் கெட்டுச்சு. "டாபர்மேனுக்கு வாலு இருக்காதே?"ன்னாங்க. பொறக்கறப்ப எல்லாத்துக்கும் இருக்குங்க, மனுசன்தான் வெட்டறான், எங்க ஓனரக்கா வெட்டறதில்லைன்னேன். நம்பல. பக்கத்துல நின்ன ராட்வீலருக்கும் அதே வாலுதான், அதையும்தான் வெட்டுவாங்க! அத மட்டும் ஒருத்தரும் கேக்கல. கோகுல் சிரிப்ப அடக்கிட்டு அதோட காதச் சொறிஞ்சுட்டிருந்தான். அவன் மூஞ்சில ஒரு வாளித் தண்ணிய ஊத்தலாம்னு இருந்துச்சு.

கெளம்பறப்ப அந்தக்கா சொன்னாங்க, "யோசிச்சுட்டு வாரேன் கண்ணு. வாலோட கூட்டிட்டுப் போனா, நாட்டு நாய ஏமாந்து வாங்கிட்டேன்னு எங்க நாத்தனா ஊரு முழுக்கச் சொல்லிருவா."

பூவும் கோழியும்

ரெண்டாவது ராட்வீலரும் ஒரு டாக்டர் ஊட்டுக்குப் போயிருச்சு. எருமப்பட்டில இருந்து வந்த ஒரு முட்டப் பண்ணைக்காரருக்கு மட்டும் ரெண்டுல எதுன்னு முடிவே வரல. கொலதெய்வம் கோயில்ல பூப் போட்டுக் கேட்டாரு. செவப்புப் பூ ஒரு பொட்டலம், ராட்வீலருக்கு. வெள்ளப் பூ ஒரு பொட்டலம், டாபர்மேனுக்கு. பாக்காம எடுத்ததுல வெள்ள வந்துருச்சு! ராணிய வண்டில ஏத்திட்டு, கோகுல் முன்னால வேணும்னே ரெண்டு தடவ நடந்தேன்.

மூணே நாள்ல ராணி திரும்பி வந்தா. தீவன லாரி வந்தப்பல்லாம் கொரைச்சிருக்கா. கூண்டுக் கோழியெல்லாம் மெரண்டு, முட்ட கொறஞ்சு, போட்டதுலயும் பாதி ஓடே இல்லாத தோல்முட்டையாம். நாய் கொரைக்காம பாட்டா பாடும்னு நான் சண்டைக்குப் போனேன். அவரு கோவிச்சுக்கல. சாமியாரு மாதிரி வாயே தொறக்காத கோகுலோட கடைசி ராட்வீலர வண்டில ஏத்திக்கிட்டே சொன்னாரு, "சாமி மேல குத்தமில்லைங்க, நாங்கதான் கோழிகிட்ட ஒரு வார்த்த கேக்காம உட்டுட்டோம்."

தறிச் சத்தம்

மாசம் முடிய ரெண்டே நாள். குமாரபாளையத்து அக்கா போன் பண்ணி ராட்வீலர் இருக்குதான்னு கேட்டாங்க. கோழிப் பண்ணையவே கலங்கடிச்சுட்டு வந்த டாபர்மேன்தான் கெடக்குதுன்னு ஓனரக்கா பொலம்புனாங்க. மத்தியானமே கார் வந்து நிக்குது.

"தறி ஓடறப்ப எவனாச்சும் கேட்ட ஒடைச்சாக்கூட எங்களுக்குக் கேக்காது. தறிய மீறிக் கொரைக்கற நாயிதான் வேணும்"ன்னாங்க. அப்ப உங்க நாத்தனா என்ன சொல்லுவாங்கன்னேன். "அவ பேசறதும் தறிச் சத்தத்துல கேக்காது கண்ணு."

ராணி கார்ல ஏறுனா, அந்தக்கா மடில தலைய வெச்சா, திரும்பிக்கூடப் பாக்கல. குட்டில இருந்து கையில சோறு ஊட்டுனவ நான்! காலிக் கூண்டு முன்னால ஒக்காந்து மூக்கச் சிந்திட்டிருந்தப்ப கோகுல் வந்து தண்ணி பாட்டில நீட்டுனான். "எனக்கு மூணு தடவ இப்படித்தான் இருந்துச்சு புள்ள. நீதான் நான் ஜெயிச்சுட்டேன், ஜெயிச்சுட்டேன்னு எரிஞ்சுட்டே இருந்த."

இப்ப கோகுல் மேல எனக்குத் துளிகூடப் பொறாமை இல்ல. ராணியக் கட்டிப்புடிச்சுட்டுத் தெனம் ஒரு போட்டோ அனுப்பற குமாரபாளையத்து அக்கா மேல அத்தனையும் மொத்தமா மாத்தி உட்டாச்சு.