கண் திறக்காத கன்றுக்குட்டி

இருசப்பன் திருவண்ணாமலையில் லாரிகளுக்கு நம்பர் எழுதும் பெயிண்டர். 1979இல் நான் எழுதிய குழந்தைக் கதைக்கு அவரைத்தான் அட்டைப்படம் வரையச் சொன்னேன். கார்த்திகை தீபத்து மாட்டுச்சந்தையில் தாயைத் தொலைத்துவிட்டுப் பயந்து நிற்கும் கன்றுக்குட்டிக்கு ஒரு காக்கை துணையாக வரும் கதை அது.

சாமி சிலைக்குக் கடைசியில் கண் திறப்பதுபோல, மனுஷர் கன்றின் கண்ணை மட்டும் வரையாமல் வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"காக்காவ மொதல்ல பக்கத்துல உக்கார வச்சிடறேங்கம்மா. கன்னுக்குட்டி தனியா கண்ணு தொறந்தா ஜாஸ்தி பயந்துடும்" என்றார்.

காக்கையை வரைந்து முடித்தார். கண் திறப்பதற்குள் அச்சகத்துக்காரர் அவசரத்தில் படத்தை எடுத்துப்போய் அப்படியே அச்சடித்துவிட்டார். அத்தனை அட்டையிலும் கண்ணில்லாத கன்று. நான் கத்தித் தீர்த்தேன். இருசப்பன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் பேனாவால் கண் திறந்தார். எல்லாக் கன்றும் காக்கையைப் பார்த்தது.

ஒன்றைத் தவிர. பள்ளிக்கூடம் போகத் தினமும் அழுதுகொண்டிருந்த என் மகள் வேதாவுக்கு அவர் கொடுத்த புத்தகத்தில், கன்று நேராக நம்மைப் பார்த்தது.

"இது மட்டும் ஏன் இப்படி?" என்றேன்.

"அது பாப்பாவோடதுங்க. அதுக்குப் பாப்பாதான் துணை."

மறுநாள் வேதா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் உதடு பிதுங்கியது. சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

"நான் அழுதா அது பயந்துடும்மா" என்றாள்.