மாட்டிக்கொள்ளாத வண்டி

ஒப்பந்த நிறுவனம் இனாயத்தின் கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையில் இப்படி இருக்கிறது: ‘வேளாண் இயந்திர இயக்குநர். குழுவாகப் பணியாற்றும் திறன் மிக்கவர்.’ அவர் ஓட்டுவது டிராக்டர்தான். ஆனால் அது உழுவது பட்டினப்பாக்கம் கடற்கரை மணலை. விளைவது பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு, மாலை நார். குழு என்று பார்த்தால், அவரும் பின்னால் இழுபடும் சல்லடை இயந்திரமும்.

மனைவி அஸ்மத்துன்னிசா இறந்து மூன்று வருஷமாகிறது. மகன் அயான் ஷார்ஜாவில். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவான். மீர்சாகிப்பேட்டை அறையில் இனாயத் பேசினால் பதில் சொல்ல ஆளில்லை. விடிந்து எட்டு மணி வரை கடற்கரையிலும் இதே கதைதான், வண்டி மாட்டிக்கொள்ளும் நாட்களைத் தவிர.

பழைய வண்டி டூ வீல். எஞ்சினின் பலம் பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஈர மணலில் அவை சுற்றச் சுற்றத் தமக்குத் தாமே குழி வெட்டிக்கொள்ளும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஜெயராம் உடனே நாலு பேரோடு பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

“இன்னா பாய், இன்னிக்கும் படுத்துக்கிச்சா உன் எருமை?”

“எருமைக்கு இன்னா தெரியும் நைனா, தண்ணியக் கண்டா குந்திக்கும்.”

தள்ளி முடித்ததும் டீ வரும், கிண்டல் வரும், “நாஷ்டா துன்னியா?” என்று யாராவது கேட்பார்கள். சும்மாவே போய் உட்காரலாமே என்றால், காரணமில்லாமல் அடுத்த தெருவுக்குக்கூடப் போகாத மனிதர் அவர். ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவருக்கு மணல் எங்கே இளகும் என்று தெரியாதா? தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை அங்கேதான் போவார்.

ஐப்பசியில் மேற்பார்வையாளர் வெங்கடேஷ் வந்தார். “பாய், புது வண்டி வாங்குறோம். டூ வீலா, போர் வீலா? ஓட்டப்போறது நீங்க, நீங்களே சொல்லுங்க. போர் வீல்னா முன்சக்கரமும் சேந்து இழுக்கும். மாட்டவே மாட்டாது.”

அந்த ‘மாட்டவே மாட்டாது’தான் இனாயத்தை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. டூ வீலே போதும் என்று சொல்ல முடிவு செய்திருந்த காலையில், வண்டியைத் தள்ளிய ஜெயராம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஓனராண்ட சொல்லி போர் வீல் வாங்கு பாய். இத்தத் தள்ளித் தள்ளியே என் இடுப்பு பூட்ச்சு.”

டூ வீல் என்றால் அவர் இடுப்பு போகும். போர் வீல் என்றால் அவரே போய்விடுவார். இனாயத் வெங்கடேஷுக்குப் போன் செய்து போர் வீல் என்றார்.

புது வண்டி பத்து நாள் எங்கும் நிற்கவில்லை. ஜெயராம் தூரத்திலிருந்து கையை ஆட்டினார், இனாயத்தும் ஆட்டினார். பேச்சு அவ்வளவுதான்.

இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. அதை விடுவித்தால் முன்சக்கரங்கள் இழுப்பதை நிறுத்திவிடும். போர் வீல் டூ வீலாகிவிடும். பதினோராம் நாள் இனாயத் இளகின மணலுக்குப் போய் லீவரை விடுவித்தார். பின்சக்கரங்கள் அரைச் சாண் இறங்கியதும் நிறுத்திக் காத்திருந்தார்.

“போர் வீலும் குந்திக்கிச்சா!” என்று சிரித்துக்கொண்டே ஜெயராம் பலகையோடு வந்தார். நாலு பேரும் கை வைத்தார்கள். வண்டி நழுவிக்கொண்டு மேலே ஏறியது.

“இன்னா பாய் இது, கை வெச்சதும் ஏறிக்கிச்சு! இடுப்பே அசையல. வா, டீ குடிக்கலாம்.”

அவர்கள் கை வைத்த நொடியில் இனாயத் லீவரை மறுபடி போட்டிருந்தார்.