அக்கா பாலம் கடந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால். லண்டனின் மோர்டன் பகுதியில், அக்கா வீட்டு வாசலில் நான் முதலில் கண்டது, காரின் ஓட்டுநர் இருக்கையில் கிடந்த பூப்போட்ட தலையணை. அக்காவின் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. தலையணை அங்கே இருந்தால் ஓட்டப்போவது அவர் என்று பொருள். அத்தான் வந்து அதை எடுத்துப் பின்சீட்டில் போட்டார். அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்து, அதைத் திரும்பவும் முன்னால் வைத்தார். பிறகு அதன்மேலேயே ஏறி இருந்தார். நான் பின்னால் ஏறி, வழியில் சாப்பிடப் பொரித்த றோல்ஸ் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டேன்.

பாலம் பார்க்கும் யோசனை மொன்றியலில் இருந்து வந்தது. அங்கே இருக்கும் எங்கள் சின்னக்கா, கனடாவின் கிராமப்புறங்களில் கூரை போட்ட மரப்பாலங்களைக் காரில் சுற்றிப் பார்த்து, ஒரு கிழமை முழுவதும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சிவப்புப் பலகை, தகரக் கூரை, உள்ளே அவர்களுடைய கார்.

"அவைக்கு மட்டுமே பாலம் இருக்கு?" என்று அத்தான் கேட்டார்.

நான் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் கூரை போட்ட பாலங்கள் மிகச் சில. அவற்றிலும் பேர்பெற்றவை பழைய பிரபுக்களின் தோட்டங்களுக்குள் நிற்கின்றன. டிக்கெட் எடுத்து நடந்துதான் போக வேண்டும். அக்காவுக்கு அது சரிவரவில்லை.

"எனக்குப் பாலம் பாக்கத் தேவையில்லை தம்பி. பாலத்தில கார் விடவேணும்."

காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். அக்கா எட்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் செய்கிறார். லெதர்ஹெட்டுக்கு அப்பால் கிராமங்களில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் பகல் வேலை ஒன்று இப்போது கிடைத்திருந்தது. கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும். லைசென்ஸ் நாலாவது முறையில் எடுத்துவிட்டார். லண்டன் தெருக்களில் நன்றாகவே ஓட்டுவார். ஆனால் ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான இடத்தில் எதிரே ஏதாவது வந்தால், கையும் காலும் ஓடாது. அந்தக் கிராமங்களில் பாதி ரோடு அப்படித்தான். வேலை திங்கட்கிழமை தொடக்கம். வருவதாகவோ ஏலாது என்றோ ஞாயிறு மாலைக்குள் மனேஜருக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே கில்போர்டுக்கு அப்பால், வே என்ற ஆற்றின் மேல் நிற்கும் பழைய கல்பாலங்களைத் தேர்ந்தெடுத்தோம். கூரை இல்லை. ஆனால் குதிரை வண்டிக் காலத்து அகலம். தேவாலயப் பூசையைச் சனி மாலையே முடித்துவிட்டதால் ஞாயிறு முழுதாகக் கையில் இருந்தது.

அத்தான் லண்டனில் இருபது வருடமாகச் சிவப்பு பஸ் ஓட்டுகிறார். பயணிகள் அவருடைய ஹோர்ன் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கு முன் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே மினிபஸ் ஓட்டியவர். அன்று நான் கவனித்தது: ஸ்டியரிங் பிடித்தால் அவர் லண்டன்காரர், பக்கத்து சீட்டில் இருத்தினால் வவுனியாக்காரர்.

"ஏன் காலை அமத்துறியள்? அங்க பிரேக் இல்லை," என்றார் அக்கா.

"கால் விறைச்சுப் போச்சு. நீட்டுறன்."

"சந்திக்குச் சந்தி விறைக்குதோ?"

முதல் பாலத்தில் எதிரே எவரும் வரவில்லை. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு கடந்து, அப்பால் போய்த்தான் விட்டார். கீழே இறங்கிப் பார்த்தோம். தூண்கள் தண்ணீர் வரும் பக்கம் கூராகவும், போகும் பக்கம் வட்டமாகவும் இருந்தன. வெள்ளம் மோதிப் பிளக்க ஒரு முகம், அமைதியாக ஒன்றுசேர ஒரு முகம். பக்கத்து மடத்துத் துறவிகள் கட்டியது என்று ஊரில் சொல்கிறார்களாம். அத்தான் கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை," என்றார், தானே ஒப்பந்தம் கொடுத்தவர் போல.

இரண்டாவது பாலம் ஒரு புல்வெளிக் கிராமத்தின் வாசலில் இருந்தது. நடுவில் மேடு, மறுபக்கம் தெரியாது. அக்கா சரியான இடத்தில் நிறுத்தி, எட்டிப் பார்த்தார். அப்போது அத்தானின் வலது கை தானாக நீண்டு ஹோர்னை இரண்டு தரம் அடித்தது. ஊரில் ஒடுங்கிய பாலத்துக்கு வந்தால் அடிப்பார்களே, அந்த அடி.

மேட்டுக்கு மேலே முதலில் குதிரையின் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு ஒரு ஹெல்மெட். பிறகு குதிரை முழுவதும், மிரண்டு பக்கவாட்டில். குளம்புகள் கல்லில் வழுக்கிய சத்தம் கண்ணாடி மூடிய காருக்குள்ளும் கேட்டது. மேலே இருந்த பெண் அதன் கழுத்தைத் தடவி, ஏதோ பேசி அடக்கினார். பிறகு குதிரையோடு மெதுவாக மேட்டை விட்டு இறங்கி அக்காவின் ஜன்னலருகே நின்றார். குதிரைக்கு ஹோர்ன் அடிக்கக்கூடாது என்று தெரியாதா என்று ஆங்கிலத்தில், சத்தம் போடாமல் கேட்டார். அக்கா கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். அடித்தது யார் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் அத்தானை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா கண்ணாடியைத் திரும்ப ஏற்றினார். காரை எடுக்கவில்லை.

"சரி, இஞ்சால வாரும். நான் எடுக்கிறன்," என்றார் அத்தான்.

"இறங்குங்கோ."

"அதுதானே சொல்றன். மாறுவம்."

"மாறுறதுக்கில்லை. இறங்கி நடவுங்கோ. அந்தப் பக்கம் ஏதும் வருதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் றோல்ஸ் பெட்டியைப் பார்த்தேன். அவர் இறங்கி, பொலிஷ் பண்ணிய சப்பாத்தோடு மேட்டில் ஏறினார். உச்சியில் நின்று திரும்பியதும் கைகள் வேலை செய்யத் தொடங்கின. வா, வா, இடது, இடது, நில். பழைய மினிபஸ் கண்டக்டர்கள் எல்லாரும் ஒன்றாக அவருக்குள் இறங்கியிருந்தார்கள்.

"நீயும் அவரைப் பாக்காதை தம்பி," என்ற அக்கா, கியரைப் போட்டார்.

அத்தான் முன்னால் ஓடி மறுகரையில் ஒதுங்கினார். கார் மேட்டில் ஏறியது, இறங்கியது, அவருக்கு முன்னால் வந்தது. அவர் கதவுப் பிடிக்குக் கையை நீட்டினார். அக்கா நிறுத்தவில்லை. புல்வெளியைச் சுற்றி வந்து அதே பாலத்தில் திரும்பவும் ஏறினார். இந்த முறை எதிரே ஒரு வெள்ளை வேன் பாலத்து மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா பாலத்தின் தொடக்கத்திலேயே நின்று, வேன் கடந்ததும் போனார். வேன்காரர் விரலைத் தூக்கி நன்றி சொன்னார். அக்காவும் தூக்கினார். அக்கரையில் திருப்பிக்கொண்டு மூன்றாவது முறை வந்தபோது, மதுக்கடை வாசலில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் கிளாஸை உயர்த்தினார்கள். அத்தானும் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தார்.

புல்லில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். அத்தான் நிறைய நேரம் றோல்ஸை மட்டும் கவனித்தார்.

"ஹோர்ன் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

"செய்யுது," என்றார் அக்கா.

"இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலா இடம் விடுறீர். வேற பிழை இல்லை."

அக்கா இன்னொரு றோலை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார்.

பாலத்தில் கார் நிற்கும் படத்தை மொன்றியலுக்கு அனுப்பினோம். உடனே சின்னக்கா கேட்டார், கூரை எங்கே என்று. அத்தான் போனை வாங்கிக் குரல் பதிவு அனுப்பினார்: "இண்டைக்கு மழை இல்லை பாருங்கோ, கழட்டி வைச்சிருக்கினம்."

அங்கிருந்தே அக்கா மனேஜருக்குப் போன் எடுத்தார். "ஓம், வாறன்" என்பதை ஆங்கிலத்தில் மூன்று தரம் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னும் இரண்டு பாலம். கில்போர்ட் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும், பக்கத்து சீட்டில் அத்தான் வாயைத் திறந்தபடி நித்திரையானார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அக்கா லெதர்ஹெட் பக்கம் காரில் போனார். வீட்டில் ஒரு கார்தான். அத்தான் டிப்போவுக்கு பஸ்ஸில் போனார்.