கல்லூரி வாசலில் நின்று பார்த்தவர்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர் முதலில் பழக வேண்டியது காத்திருப்பு: கரண்டுக்கு, டவருக்கு, அப்புறம் அப்பாக்களுக்கு. ஓய்வு பெற்ற பின் வீட்டின் அமைதி கனத்துப்போனதால், சோளக்காடு என்ற மலையூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மேசை போட்டு உட்கார்ந்தேன். சொந்தப் பிள்ளைக்காகத் திரையைப் பார்த்துக் கண் பூத்துப்போன உங்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

மரத்தின் மேல் ஓடிபி

வளப்பூர் நாடு என்ற உள்மலைக் கிராமத்திலிருந்து கீர்த்தனா வந்தாள். இயற்பியல் படிக்க ஆசை. பதிவுக்குக் கொடுத்த போன் அவள் அப்பா சின்னராசுவிடம், ஊரில் இருந்தது. பலா மரத்தில் ஏறினால்தான் அங்கே டவர் கிடைக்கும். பத்து மணிக்கு ஏறச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பஸ் வந்து சேர்ந்ததோ பதினொன்றரைக்கு.

அவர் இறங்கவே இல்லை. நான் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே போனை எடுத்து, வந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். காக்க வைத்ததற்கு வருத்தம் சொன்னேன்.

"இருக்கட்டுமுங்க. சும்மாவா உக்கார்ந்திருந்தேன்? எட்டுற காயையெல்லாம் தட்டிப் பார்த்துட்டேன், ரெண்டு பழுத்திருச்சு."

வீடியோவில் இல்லாதது

கல்லூரிகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். பக்கத்திலிருந்த கல்லூரியை முதலில் போடச் சொன்னாள் கீர்த்தனா. அங்கே இயற்பியலே கிடையாது. "ஏன் கண்ணு?" என்றேன். "தூரமுன்னா அப்பா அனுப்ப மாட்டாருங்க."

மறுநாள் அப்பாவையே வரவழைத்தேன். கல்லூரிகளின் இணையதளங்கள், விடுதி வீடியோக்கள் என்று என்னிடமிருந்த உதவிகளையெல்லாம் திறந்து காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

"எல்லாம் கல்யாணப் பந்தலாட்டம் அழகா இருக்குதுங்க. புள்ளைங்க உள்ள போறதைக் காட்டறான், வெளிய வர்றதைக் காட்ட மாட்டேங்கறானே. கடைசி நாள் வரைக்கும் பொறுங்க, நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்."

வாட்ச்மேனின் நாற்காலி

மெய்யாகவே போனார். மலைக்குக் கீழே கல்லூரிகளில் செமஸ்டர் பரிட்சை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஊராகப் பஸ் மாறி, ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் நின்று, பரிட்சை விட்டு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் தூரமான கல்லூரியில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். "பொண்ணுங்க வர்ற நேரத்துல இங்க என்னய்யா வேலை?" இவர் சொன்னார்: "எம்புள்ள இங்க படிச்சா எப்படி வெளிய வருமுன்னு பார்க்கறேனுங்க." வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாராம்.

"இதைப் பார்க்க வந்த மொத ஆளு நீங்கதான். உக்காருங்க, மணியடிக்க இன்னும் நேரமிருக்கு."

கடைசி நாள்

விண்ணப்பத்தை முடிக்க வேண்டிய நாள். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினார். கீர்த்தனா நகம் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லூரிதான் இன்னும் முதலிடத்தில் இருந்தது.

"பக்கத்துக் காலேஜுல புள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து, ஆளுக்கொரு பக்கம் போயிருச்சுங்க. தூரத்துக் காலேஜுல ஒரு புள்ள வினாத்தாளைக் காட்டி, கேள்வியே தப்புன்னு டீச்சரோட மல்லுக்கட்டுது. அந்தம்மா வெயில்ல நின்னு முழுசாக் கேட்டுட்டு, ஆமா தப்புதான்னாங்க."

என் கை விசைப்பலகையை விட்டு விலகியது. என்னைச் சேர்த்த கல்லூரியின் வாசலை என் அப்பா என்னோடு வந்த அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அந்த வாசலில் நான் எப்படி வெளியே வந்தேன் என்று ஒருவரும் நின்று பார்த்ததில்லை.

"தூரமாச்சேப்பா" என்றாள் கீர்த்தனா, நம்பாமல்.

"தூரந்தான் சாமி. ஆனா நீ பேசினா நின்னு கேக்கற இடம்."

தூரத்துக் கல்லூரியின் இயற்பியலை முதலிடத்துக்கு ஏற்றினேன். இடம் கிடைத்தது. சேரும் நாளன்று பெட்டியும் படுக்கையுமாக இருவரும் இங்கேதான் பஸ் ஏறினார்கள். சின்னராசுவின் தோளில் ஒரு பலாப்பழம் கமகமத்தது. விடுதிக்கா என்று கேட்டேன்.

"வாட்ச்மேனுக்குங்க. அன்னிக்கு நாற்காலிய எனக்குக் குடுத்துட்டு, மணியடிக்கற வரைக்கும் மனுசன் நின்னுக்கிட்டே இருந்தாரு."

கல்லூரி தேட உதவும் இணையதளங்களை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லி முடித்ததும் அவர்கள் அப்பாக்களிடம் மலையிறங்கும் பஸ்ஸின் நேரத்தையும் சொல்லி அனுப்புகிறேன்.