கண்ணாடி அறைக்கு வெளியே இரண்டு முறுக்குப் பைகள்

திருப்பூர் முதலிபாளையம் தங்கராஜுக்குத் தன் சொந்தப் பனியன் கம்பெனியிலேயே நுழைய முடியாத ஓர் அறை உண்டு. பச்சைக் குழந்தைகளுக்கான சாம்பிள் பனியன்களை மடித்து வைக்கிற அறை. அதற்குப் பொறுப்பு ரோஸ்மேரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஒவ்வொரு பீஸையும் மோந்து பார்த்துத்தான் கவரில் போடுவாள். ஜெர்மனிக்காரர்கள் அப்படித்தான் மோந்து பார்ப்பார்களாம், சிகரெட் வாசம் துளி வந்தாலும் ஆர்டர் காலி. "முதலாளி, வாசலோட நின்னுக்கிடுங்க. உங்க சட்டையில இருந்தே பொகை வருது" என்பாள். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளுகிற மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றுகொள்வார். வேறென்ன செய்ய?

குண்டடத்தில் காடு வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். காட்டை விற்று நாற்பது மிஷின் போட்டவர். இரண்டாயிரத்து எட்டு தீபாவளிக்கு மேல் ஆர்டர் வற்றிப் போய், இருபத்தைந்து மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. ஆட்கள் ஊருக்கு மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து, குழந்தைத் துணி விற்கிற கிளைன்பெர்க் கம்பெனி சாம்பிளோடு நேரில் வரச் சொன்னது. கிடைத்தால் மிஷின் ஓடும், இல்லாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு.

பஞ்சு பறக்கிற கம்பெனியில் தீப்பெட்டிக்கு அனுமதி கிடையாது. காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். முதலாளிக்கும் அதே சட்டம்தான். அந்தப் பழக்கத்தில், சென்னை ஏர்போர்ட்டில் லைட்டரைப் பிடுங்கிய போலீஸ்காரரிடம், "பேரு தங்கராஜுங்க. வியாழக்கெழம வந்து வாங்கிக்கறனுங்க" என்றார். தமிழ் தெரியாத அந்த மனிதர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு லைட்டரைக் குப்பைக் கூடையில் போட்டார்.

துபாயில் விமானம் மாற நாலு மணி நேரம் இருந்தது. இறங்கியதும் அவர் முதலில் தேடியது சிகரெட் பிடிக்கிற கண்ணாடி அறையைத்தான். அதற்குள் மட்டுமே புகைக்கலாம், வெளியே பற்றவைத்தால் அபராதம். உள்ளே இருபது பேர், சாயப்பட்டறை பாய்லர் மாதிரி புகை. கதவில் கை வைத்தவருக்குத் திக்கென்றது. தோளில் பை, பைக்குள் பனியன். கவர் போட்டிருந்தாலும், குழந்தைக்கு மூச்சு முட்டிவிடக் கூடாதென்று எல்லாக் கவரிலும் ஓட்டை. பையை வெளியே வைக்கலாமென்றால், ஆளில்லாத பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று மைக்கில் மிரட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"ஏனுங்க, தங்கராஜுங்களா?"

திரும்பினார். ஊத்துக்குளி ரோட்டில் கம்பெனி வைத்திருக்கும் செங்கோட்டையன். அவரும் ஒரு பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

திருப்பூர்க்காரன் பெண்டாட்டியின் நகை இருக்கிற இடத்தைச் சொன்னாலும் சொல்வான், ஆர்டர் தருகிற பையர் பேரைச் சொல்ல மாட்டான். கூடப் பிறந்தவனிடம்கூட மூச்சு விட மாட்டான்.

"எங்கீங்க இந்தப் பக்கம்?" என்றார் செங்கோட்டையன்.

"சும்மா ஜெர்மனி சுத்திப் பாக்கலாமுன்னுங்க. நீங்க?"

"நானும் அப்படித்தானுங்க. பையில என்னுங்க?"

"முறுக்குங்க. அங்க ஒரு சொந்தக்காரருக்கு."

"அட, எனக்கும் முறுக்குதானுங்க." செங்கோட்டையன் கதவைக் காட்டினார். "அப்பறம் என்னுங்க, பையோடவே உள்ள போங்க. முறுக்குக்குப் பொகை என்ன பண்ணும்?"

வகையாக மாட்டிக்கொண்டார் தங்கராஜ். "நான் சிகரெட்டை உட்டுட்டனுங்கண்ணா. நீங்க போங்க."

செங்கோட்டையன் தன் பையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "நானும் உட்டு மாசமாச்சுங்க."

சிகரெட்டை விட்ட இரண்டு பேரும் கண்ணாடி அறைக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கிறபோதெல்லாம் இரண்டு கழுத்தும் நீளும், இரண்டு பையும் பின்னால் போகும். தங்கராஜுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. செங்கோட்டையன் நகத்தையெல்லாம் கடித்து முடித்திருந்தார். கடைசியில் அவர்தான் உடைந்தார்.

"பேபி பீஸுங்க" என்றார், திருட்டை ஒப்புக்கொள்கிறவர் போல.

"எனக்கும் அதேதானுங்க."

சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும். மாற்றி மாற்றிப் பையைப் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பெரியவர் என்பதால் செங்கோட்டையன் முதலில் போனார்.

அவர் பையை மடியில் வைத்தபோதுதான், ஜிப்பில் கட்டியிருந்த அட்டை திரும்பிக்கொண்டது. கிளைன்பெர்க்.

தங்கராஜ் அட்டையை இன்னொரு தரம் படித்தார். ஒரு ஆர்டர், இரண்டு பேர். தன் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, இந்தப் பையை மட்டும் திறந்த கதவோரம் இரண்டு நிமிடம் பிடித்தால் போதும். யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து மிஷினும் ஓடும். எழுந்தும்விட்டார். கதவு திறந்து, யாரோ வெளியே வர, புகை குப்பென்று முகத்தில் அடித்தது.

இரண்டு பையையும் அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தண்ணீர்க் குழாய் இருந்த மூலைக்குப் போய் நின்றார். அடுத்தவன் பிழைப்பில் கை வைக்கப் பார்த்தோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தன் பை நகர்வதைக் கண்ணாடி வழியே பார்த்த செங்கோட்டையன், பற்றவைத்த சிகரெட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார். "எங்கீங்க தூக்கிட்டுப் போனீங்க?"

"அங்க பொகை வந்துச்சுங்கண்ணா."

செங்கோட்டையன் மூச்சு வாங்கினார். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாயிருக்க வேண்டும், யாரும் கேட்காமலே வாய் திறந்தார். "கிளைன்பெர்க்குக்குப் போறனுங்க. ஆறு மாசமா வேலையில்லீங்க."

"தெரியுமுங்க. அட்டையைப் பாத்துட்டனுங்க. எனக்கும் அவுங்கதானுங்க."

"எப்பப் பாத்தீங்க?"

"நீங்க உள்ள இருக்கறப்பவேங்க."

செங்கோட்டையன் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அது இருந்த தூரத்தைப் பார்த்தார். பிறகுதான் தன் பையை வாங்கிக்கொண்டார். மைக்கில் விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். தங்கராஜுக்கு ஒரு இழுப்புக்குக்கூட நேரமில்லை.

வரிசையில் நின்றபோது செங்கோட்டையன், "பாஸ்போர்ட் எடுக்கோணுங்க, இதைக் கொஞ்சம் புடிங்க" என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை நீட்டினார். தங்கராஜ் வாங்கி, தன் பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். 'ஏண்டா தங்கராஜு, ஒரே ஒரு எட்டு எடுத்து வெச்சிருந்தா ஆர்டர் உனக்குத்தானேடா' என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டத் திட்டப் பிடி இறுகியது.