நுஹ்மான் வளர்க்கும் கிருமிகள்

சாக்கை விலக்கி, வாழையிலையைத் தூக்கி, கொக்கோக் குவியலுக்குள் முழங்கை வரை விட்டிருக்கிறார் நுஹ்மான். உள்ளே நன்றாகச் சுடுகிறது, முகம் மலர்கிறது. உக்குவளையில் வீட்டின் பின்புறம்தான் தொழில். பச்சை விதையை வாங்கி, குவித்துப் புளிக்க வைத்து, காயப்போட்டு விற்கிறார். குவியலில் முதலில் வருவது கள்ளு வாசம். அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லமாட்டார். "புளிச்ச வாசம்" என்பார். பிறகு வினாகிரி வாசம் வந்ததும் புரட்டிப் போடுவார். "நாம ஒண்டும் செய்றல்ல. எல்லாம் கிருமிதான் செய்யுது" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்கிற மனுஷன். பத்து வயது மகள் அம்றாவுக்கு வயிற்றுவலியும் மலத்தோடு இரத்தமும் ஓயாமல் வந்து, கண்டி கிளினிக்கில் குடல் அழற்சி என்று சொன்னபோதும் கேள்விதான் கேட்டார். எல்லோருடைய குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. இந்த நோயுள்ள பிள்ளைகளிடம் அந்தக் கூட்டம் குலைந்து கிடக்கிறது. உடம்பு தன் குடலோடேயே சண்டை பிடிக்கிறது. எது எதற்குக் காரணம் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. டொக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நுஹ்மானுக்குப் பாதி பயம், பாதி பரவசம். திரும்பும் பஸ்ஸிலேயே மனைவி பர்ஸானாவிடம் சொல்லிவிட்டார்: "புள்ளட வயித்துலயும் ஒரு குவியல் ஈக்குது!"

மருந்தில் அம்றா தேறினாள். கன்னத்தில் சதை பிடித்தது. அங்கேதான் மனுஷன் சறுக்கினார். ஒழுங்காகப் புளிக்கிற குவியலில் வெளியிலிருந்து எதையும் கொட்டக்கூடாது என்பது அவர் தொழில் சட்டம். மருந்துக் குளிசையும் வெளியிலிருந்து கொட்டுவதுதானே என்று, ஒருவரையும் கேளாமல் அதை நிறுத்தி, சட்டித் தயிராக ஊட்டத் தொடங்கினார். "இனி நல்ல கிருமி பாத்துக்கொள்ளும்" என்று வீடெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அம்றா சுருண்டு விழுந்தாள். பல நாளாக இரத்தம் போயிருக்கிறது. யாரும் பார்க்குமுன் தண்ணீரை ஊற்றி மறைத்திருக்கிறாள்.

"ஏன் மகள் இத எனக்குச் செல்லல்ல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்களே வாப்பா."

நுஹ்மான் நொறுங்கிப்போனார். செய்ததை டொக்டரிடம் தானே சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தயிர் வெறும் சாப்பாடுதான், அது குளிசையின் வேலையைச் செய்யாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். குளிசை மறுபடி தொடங்கியது. கேள்விகளும் நின்றபாடில்லை. பிறக்கிற பிள்ளைக்கு முதல் கிருமி எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு டொக்டரைச் சிரிக்க வைத்தார். ஆனால் "இண்டைக்கு எப்பிடி?" என்று மகளிடம் கேட்க மட்டும் அவருக்கு நா எழுவதில்லை. தன்னைச் சந்தோஷப்படுத்த இன்னொரு முறை மறைத்துவிடுவாளோ என்ற பயம் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்றுக் காலை இரத்தோட்டையிலிருந்து விதை விற்கிற அழகமுத்து மூட்டையோடு வந்து நின்றார். மூட்டையைத் தராசில் ஏற்றும்போது கக்கூஸ் பக்கமிருந்து அம்றாவின் குரல் வந்தது.

"வாப்பா! நான் இன்னும் தண்ணி ஊத்தல்ல. வந்து பாருங்க!"

மூட்டையைப் போட்டது போட்டபடி ஓடினார் நுஹ்மான். குனிந்து பார்த்தார். இரத்தம் இல்லை. அம்றா வாளியை நீட்டினாள். வாங்கிக்கொண்டவர் உடனே ஊற்றவில்லை. இன்னொரு தரம் குனிந்து, நன்றாகப் பார்த்தார்.